கோட்டைக்கு வெளியே ஜுன்னர்

2025 ஜூலையில் யுனெஸ்கோ தன் உலக மரபுப் பட்டியலில் 'இந்தியாவின் மராத்தியப் படைத்துறை நிலவெளிகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகளைச் சேர்த்தது. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. புனே மாவட்டத்திலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றவற்றுள் சிவநேரியும் ஒன்று. சிவாஜி 1630இல் பிறந்த கோட்டை அது. ஜுன்னர் நகரை ஒட்டி எழும் ஒற்றை மலை. செஞ்சியும் சிவநேரியும் ஒரே வரிசையில் வந்ததைக் கண்டு, புனேயில் வாழும் தமிழர் பலரைப் போல நானும் மகிழ்ந்தேன். ஆனால் அதன்பின் வெளிவந்த கட்டுரைகளையும் சுற்றுலா அறிவிப்புகளையும் கருத்தரங்க அழைப்புகளையும் படிக்கப் படிக்க ஓர் ஐயம் வலுத்துக்கொண்டே வந்தது. அதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஜுன்னர் வட்டத்தை ஒரு மன்னர் பிறந்த இடம் என்று மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த மண் தரும் சான்றுகளோ வேறொன்றைச் சொல்கின்றன. அது ஒரு கணவாயால் உண்டான நாடு. அந்தக் கணவாயைக் கடந்தவர்கள், அதற்குச் சுங்கம் கொடுத்தவர்கள், அதன் ஓரத்தில் தங்கியவர்கள் ஆகியோரின் நாடு. கோட்டையை நடுவில் வைத்தால் ஆண்டவர்கள் மட்டுமே கதைக்குள் வருவார்கள். கணவாயை நடுவில் வைத்தால் மூங்கில் வேலைக்காரரும், தானிய வணிகரும், குதிரை விற்க வந்த அயலாரும், கடுக்காய் பொறுக்கும் மலைமக்களும் வருவார்கள். எந்தத் தலைப்பின்கீழ் படிக்கிறோம் என்பது எந்தக் கல்வெட்டுக்குப் பலகை வைக்கிறோம், எந்த ஊரில் ஆய்வு செய்கிறோம் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. ஆதலால் இதைச் சொற்பூசலாகக் கருத வேண்டா.

முதலில் நிலம். புனேயிலிருந்து நாசிக் சாலையில் வடக்கே நாராயண்காவ் வரை சென்று மேற்கே திரும்பினால் ஜுன்னர். நகரிலிருந்து ஏறத்தாழ 90 கி.மீ. வட்டத்தின் மேற்கு எல்லையில் சகியாத்திரி செங்குத்தாக அறுந்து கொங்கணத்துள் விழுகிறது. அந்த விளிம்பில் பருவமழை கொட்டித் தீர்க்கும். அங்கிருந்து கிழக்கே போகப் போக மழை விரைவாகக் குறைந்துவிடும். மேற்கே படிக்கட்டு வயல்களில் நெல்லும் கேழ்வரகும். கிழக்கே கம்பு, வெங்காயம், தக்காளி, திராட்சை, கரும்பு. ஒரே வட்டத்துக்குள் இரண்டு வேளாண்மைகள். மழையைக் கொண்டுவரும் காற்று அரபிக் கடலிலிருந்து வருகிறது. நீரோ குகடி, கோட், பீமா, கிருஷ்ணை எனக் கைமாறி வங்கக் கடலுக்குச் செல்கிறது. ஆக, தீபகற்பத்தின் நீர்ப்பிரிகோட்டின் மீதே அமர்ந்திருக்கும் நாடு இது. மனிதர்கள் அந்தக் கோட்டை எங்கே கடக்க முடியும் என்பதே இவ்வூரின் வரலாற்றைத் தொடங்கி வைத்த கேள்வி.

கடக்கும் இடங்களுள் பழமையானது நாணேகாட். கல்யாண், சோப்பாரா ஆகிய துறைமுகங்களிலிருந்து சமவெளி வழியே வந்த சரக்கு இந்தப் பிளவில் ஏறி, ஜுன்னரை அடைந்து, பின் கோதாவரிக் கரையின் பைட்டணம் நோக்கிச் சென்றது. சாதவாகனரின் தலைநகரான பிரதிட்டானம் என்பது அந்தப் பைட்டணமே. கணவாயின் உச்சியில் இன்றும் ஒரு பெரிய கல்தொட்டி உண்டு. சுங்கக் காசு போட்ட கலம் அது என்பது வட்டார வழக்கு. சற்றுக் கீழே ஒரு குடைவரை. அதன் பின்சுவரில் ஒருகாலத்தில் சாதவாகன அரச குடும்பத்தினரின் உருவங்கள் புடைப்பாக நின்றன. இன்று உருவங்கள் இல்லை. பாதங்களின் சுவடும், மேலே பொறித்த பெயர்களும் மட்டும் எஞ்சியிருக்கின்றன. சிமுக சாதவாகனன், தேவி நாயனிகா, சிரி சாதகணி, மகாரதி ஒருவர், இளவரசர்கள். பக்கச் சுவர்களில் நீண்ட பிராகிருதக் கல்வெட்டு. 1828இல் வில்லியம் சைக்ஸ் இதைக் கண்டார். பின்னர் பகவன்லால் இந்திராஜியும் பியூலரும் வாசித்தார்கள். காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டா, 1ஆம் நூற்றாண்டா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

இக்கல்வெட்டு வேத வேள்விகளின் பட்டியல். அசுவமேதம், இராசசூயம், ஒவ்வொன்றுக்கும் கொடுத்த தட்சிணை. பசுக்கள், குதிரைகள், யானைகள், கார்சாபணக் காசுகள். வேள்விக் கணக்கைச் சொல்லும் மொழி சமசுகிருதம் அன்று, பிராகிருதம் என்பது மொழியியல் மாணவர் யாரையும் நிறுத்திவைக்க வேண்டிய செய்தி. வைதிகத்தின் மொழி எது, ஆவணத்தின் மொழி எது என்பவை தனித்தனிக் கேள்விகள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அடுத்து எண்கள். இந்தியாவில் கிடைக்கும் பழைய எண்குறிகளின் பெருந்தொகுதிகளுள் ஒன்று இங்கே உள்ளது. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள்; இடமதிப்பு இல்லை, சுழியம் இல்லை. தமிழ் எண்களில் ௰, ௱, ௲ எழுதப் பழகியவருக்கு இம்முறையைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவைப்படாது. நம் பள்ளிகளில் தமிழ் எண்களைப் பழம்பெருமையாகக் காட்டிவிட்டு மூடிவிடுகிறோம். அதே ஏரணத்தில் அமைந்த எண்கள் சகியாத்திரியின் உச்சியில் வேள்விக் கணக்கு எழுதப் பயன்பட்டன என்று சேர்த்துச் சொன்னால் மாணவர் மனத்தில் அது நிற்கும்.

கணவாயின் பெயரே ஒரு சிறு ஆய்வுக்கு உரியது. மராத்தியில் 'நாணே' என்றால் காசு. நம் 'நாணயம்' என்ற சொல்லோடு ஒரே வேரிலிருந்து வந்தது. சுங்கம் வாங்கிய கணவாய் ஆதலால் நாணேகாட் என்பது ஒரு விளக்கம். ஆனால் கணவாயின் மேல் துருத்தி நிற்கும் பாறைக்கு வட்டாரத்தில் 'நானாவின் கட்டைவிரல்' என்று பெயர். நானா என்ற ஒருவரைப் பற்றிய கதையும் வழங்குகிறது. ஆங்கில நூல்கள் இரண்டையும் ஒரே எழுத்துக்கூட்டில் எழுதி வேறுபாட்டை அழித்துவிட்டன. ணகரமா னகரமா என்பதுதான் இங்கே வினா. தமிழிலோ மராத்தியிலோ எழுதினால் உடனே தெரியும். வட்டார மக்கள் எப்படி ஒலிக்கிறார்கள் என்று நேரில் கேட்டுப் பதிவு செய்யாமல், வரைபடத்தைப் பார்த்து இடப்பெயராய்வு செய்வோருக்கு இது ஓர் எச்சரிக்கை.

கணவாயை விட்டுக் கிழக்கே இறங்கினால் ஜுன்னரைச் சுற்றியுள்ள மலைகளில் 200க்கு மேற்பட்ட குடைவரைகள். லேண்யாத்ரி, மான்மோடி, துளஜா, சிவநேரி எனக் குன்றுதோறும் பௌத்தர்கள் குடைந்தவை. இந்தியாவில் ஒரே ஊரைச் சூழ்ந்து இத்தனை குடைவரைகள் அமைந்த இடம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. அசந்தாவைப் போல ஓவியமும் எல்லோராவைப் போலப் பெருஞ்சிற்பமும் இங்கே இல்லாததால் ஊடகங்களின் கண்ணில் படாமல் தப்பிவிட்டன. துளஜாவில் 12 தூண்கள் வட்டமாக நிற்கும் ஒரு சைத்தியம் உள்ளது. கட்டடக்கலை மாணவர்கள் அதற்காகவே ஒருமுறை போய்வரலாம். லேண்யாத்ரியில் தூண்களே இல்லாத பெருங்கூடமும் 20 அறைகளும் கொண்ட பழைய விகாரம் இன்று கிரிஜாத்மஜ கணபதி கோயில். அட்டவிநாயகத் தலங்கள் எட்டனுள் மலைமேல் குடைவரைக்குள் இருப்பது இது ஒன்றே. தொல்லியல் துறையின் நுழைவுக் கட்டணத்தைப் பக்தர்களும் செலுத்தித்தான் ஏற வேண்டியிருக்கிறது என்ற மனக்குறை அங்கே பல்லாண்டுகளாக உண்டு. பௌத்த விகாரமா, கணபதி கோயிலா என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். ஒரே பாறை இருவருக்கும் இடங்கொடுத்திருக்கிறது என்பதை வாதிடுவோர் மறந்தாலும் படியேறும் பாட்டிகள் பொருட்படுத்துவதில்லை.

குடைவரைகளைவிட எனக்கு முதன்மையாகப் படுபவை அவற்றின் கொடைக் கல்வெட்டுகள். அவற்றில் அரசர் பெயர் மிக அரிது. மான்மோடியில் மகாட்சத்திரபன் நகபாணனின் அமைச்சன் அயமன் 46ஆம் ஆண்டில் நீர்த்தொட்டியும் மண்டபமும் கொடுத்ததாக ஒரு கல்வெட்டு உண்டு. அதை விட்டால் பெரும்பாலோர் எளிய குடிகள். மூங்கில் வேலை செய்வோர், வெண்கல வேலை செய்வோர், தானிய வணிகர் ஆகியோரின் சேணிகள் அறைகளையும் தொட்டிகளையும் முதலீடுகளையும் கொடுத்திருக்கின்றன. மூன்று யவனர்கள் இருக்கிறார்கள். இரிலன் இரண்டு நீர்த்தொட்டிகள் கொடுத்தான்; சிதன் சங்கத்துக்கு உணவுக்கூடம் கொடுத்தான்; சந்தன் ஒரு முகப்பைக் கொடுத்தான். முதல் இருவரும் தங்களைக் 'கதர்' என்ற பெயரோடு சேர்த்துச் சொல்லிக்கொள்கிறார்கள். கதர் என்பது ஐரோப்பாவின் காத்தியரைக் குறிக்கும் என்று ஸ்டென் கோனோ 1912இல் எழுதினார். அதை ஏற்றவர் சிலர், மறுத்தவர் பலர். யவனன் என்றால் மதுவும் விளக்கும் காவலும் என்று சங்க இலக்கியத்தின் வழியே பழகிய நமக்கு, பௌத்த சங்கத்துக்கு உணவுக்கூடம் கட்டிக்கொடுத்து, பிராகிருதத்தில் பெயர் வெட்டிவைத்துச் சென்ற யவனன் புதியவன்.

இவ்விடத்தில் மதுரைக்கு அருகே உள்ள மாங்குளத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கும் பாறைப் படுக்கை, அங்கும் துறவி, அங்கும் கொடை. நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. கூடவே வெள்ளறை நிகமத்தோர் வருகிறார்கள். நிகமம் என்பது வணிகர் குழுவுக்கு வடக்கிலிருந்து வந்த சொல். அதற்குத் தமிழ் விகுதி ஏறி 'நிகமத்தோர்' ஆகியிருக்கிறது. கல்லில் எழுதும் எண்ணமும் எழுத்தும் வணிகர் அமைப்பின் பெயரும் ஒரே வலையில் நகர்ந்தவை. ஆனால் தமிழகத்தில் அந்த எழுத்து ழ, ள, ற, ன என்ற ஒலிகளுக்கு வடிவம் கண்டுகொண்டு தமிழையே எழுதியது. ஜுன்னரிலோ மக்கள் வீட்டில் எதைப் பேசினார்கள் என்பதைப் பிராகிருதம் மறைத்துவிட்டது. இந்த வேறுபாட்டை விளக்குவது இந்திய மொழி வரலாற்றின் பெரிய கேள்விகளுள் ஒன்று. அப்படியிருந்தும் தமிழ்ப் பிராமி படிப்பவர் ஜுன்னரை எட்டிப் பார்ப்பதில்லை. ஜுன்னரைப் படிப்பவர் மாங்குளத்தைக் கேள்விப்பட்டதில்லை. இரண்டும் வெவ்வேறு மாநிலங்களின் பெருமைப் பட்டியல்களில் இருப்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் சொல்ல என்னால் இயலவில்லை.

சாதவாகனருக்கு இந்த வேறுபாடு தெரிந்தே இருந்தது. அவர்களுடைய வெள்ளிக் காசுகளில் ஒருபுறம் பிராகிருதம், மறுபுறம் திராவிட மொழி. ஒருபுறம் 'சிரி' என்றிருப்பது மறுபுறம் 'திரு' ஆகிறது. 'புத' என்பது 'மகன்' ஆகிறது. மறுபுறத்தில் உள்ளது தமிழே என்று இரா. நாகசாமி வாசித்தார், வேறு விதமாக வாசித்தவர்களும் உண்டு. எப்படி வாசித்தாலும், தம் நாட்டின் ஒரு பகுதி மக்கள் எந்தச் சொல்லைப் புரிந்துகொள்வார்கள் என்று எண்ணிப் பார்த்த ஓர் ஆட்சி அது. சிலப்பதிகாரத்தின் நூற்றுவர் கன்னரைச் சாதகர்ணிகளோடு இணைத்துப் பேசும் மரபும் நாமறிந்ததே. பிராகிருதத்தில் ஆலன் தொகுத்த எழுநூறு பாடல்களைச் சங்க அகப்பாடல்களோடு ஒப்பிட்டு ஜார்ஜ் ஹார்ட் 1975இல் எழுதிய நூல் இன்றும் விவாதிக்கப்படுகிறது. இத்தனை நூல்களும் நூலகத்தில் உள்ளன. அவை பேசும் நிலம் புனேயிலிருந்து ஒருநாள் பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது.

ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் தாண்டி வருவோம். ஜுன்னரைத் தன் கண்ணால் கண்டு எழுதிய முதல் ஐரோப்பியர்களுள் ஒருவர் ஒரு ருஷ்யர். வோல்காக் கரையில் உள்ள த்வேர் நகரத்து வணிகர் அபனாசி நிகிதின். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்குவதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு முன்பு, பாமினி சுல்தான்கள் ஆண்ட காலத்தில், ஒரே ஒரு குதிரையை விற்கலாம் என்ற நம்பிக்கையில் கடல் கடந்து சௌல் துறைமுகத்தில் இறங்கி, மலையேறி ஜுன்னர் வந்தார். மழைக்காலம் முழுவதும் இங்கே முடங்கினார். நான்கு மாதம் இரவு பகலாக நீரும் சேறும் என்று எழுதுகிறார். அந்தக் காலத்தில்தான் இங்கே உழுது விதைக்கிறார்கள் என்று வியக்கிறார். பனிநாட்டுக்காரருக்கு மழைக்காலமே 'குளிர்காலம்' என்று பட்டிருக்கிறது. நகரம் கல்மலைமேல் இருப்பதையும், ஏறும் வழி ஒருவர் பின் ஒருவராக மட்டும் செல்லும் அளவுக்குக் குறுகியது என்பதையும் குறித்திருக்கிறார். ஊரின் ஆளுநர் அசத் கான் குதிரையைப் பறித்துக்கொண்டு, இசுலாத்தில் சேர்ந்தால் குதிரையோடு பொன்னும் உண்டு, மறுத்தால் குதிரையும் போய்த் தண்டமும் உண்டு என்கிறார். கெடு நான்கு நாள். குராசானிலிருந்து வந்த முகமது என்ற முசுலிம் ஒருவர் பரிந்து பேசிச் சமயத்தையும் குதிரையையும் மீட்டுக் கொடுக்கிறார். நிகிதின் ஊர் திரும்பும் வழியில், த்வேரை அடையும் முன்பே, இறந்துபோனார். 'மூன்று கடல்களுக்கு அப்பால் பயணம்' என்ற அவரது குறிப்பு எஞ்சியது. 1957இல் இந்திய சோவியத்துக் கூட்டுத் தயாரிப்பாக அது படமாகவும் வந்தது.

மொழியியலாருக்கு அந்தக் குறிப்பு ஒரு புதையல். பண்டைய ருஷ்ய மொழியில் தொடங்கும் நிகிதின், நெருக்கடியான இடங்களில் துருக்கியம், பாரசீகம், அரபு கலந்த ஒரு வணிகர் மொழிக்கு மாறிவிடுகிறார். அதையும் ருஷ்ய எழுத்திலேயே எழுதுகிறார். இறுதி வேண்டுதல் அந்தக் கலவை மொழியில்தான் முடிகிறது. எந்தக் கடவுளிடம் எந்த மொழியில் பேசுவது என்று தெரியாத ஒரு மனிதரின் குரலை அங்கே கேட்கிறோம். சிலர் அதை மறைமொழி என்பர். இந்தியச் சந்தைகளில் ஆண்டுக்கணக்கில் புழங்கிய ஒருவரின் நாக்கு இயல்பாகவே அப்படித்தான் ஆகியிருக்கும் என்பது என் கருத்து. ருஷ்ய இலக்கிய வரலாற்றில் ஜுன்னருக்கு நிலையான ஓர் இடம் உண்டு. ஜுன்னரின் சுற்றுலாக் கையேடுகளில் நிகிதினுக்கு ஓரிரு வரி கிடைத்தால் பெரிது.

சிவநேரிக்கு வருகிறேன். மராத்தியருக்கு அக்கோட்டை எவ்வளவு பெரிய உணர்வு என்பதை இங்கே வாழ்பவர் எவரும் அறிவர். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் கோட்டையின் வரலாறே பட்டியலின் தலைப்புக்குள் அடங்க மறுக்கிறது. மலைச்சரிவில் பௌத்த அறைகள். மேலே சுல்தான்கள் காலத்து மசூதி. நிசாம்சாகி அரசை நிறுவிய மாலிக் அகமதுக்கு ஜுன்னரே முதல் தளம். எத்தியோப்பியாவில் அடிமையாக விற்கப்பட்டு வந்து அரசையே நடத்திய மாலிக் அம்பருக்கும் அது சில காலம் தலைநகர். சிவாஜி பிறந்து ஏழெட்டு ஆண்டுகளில் கோட்டை முகலாயர் கைக்குப் போனது. அதை மீட்க அவர் முயன்றும் தம் வாழ்நாளில் இயலவில்லை. பேரன் சாகு காலத்தில்தான் மராத்தியரிடம் வந்தது. முகலாயரை எதிர்த்து எழுந்த கோலிகள் கூட்டமாகக் கொல்லப்பட்ட இடம் என்று ஒரு மேடையைக் 'கோலி சௌதரா' என வட்டார மக்கள் காட்டுகிறார்கள். பிறந்த தொட்டிலைக் காணவரும் கூட்டத்தில் அந்த மேடையருகே நிற்பவர் சிலரே. அந்தக் கோலிகளின் வழிவந்தோர் இன்றும் அதே வட்டத்தின் மேற்குச் சிற்றூர்களில் வாழ்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்ப்போர் அவர்களினும் சிலர்.

செஞ்சியிலும் இதே கதைதான். 1677இல் சிவாஜி கைப்பற்றினார், இராசாராம் 1698 வரை அங்கிருந்து முகலாயரை எதிர்த்தார் என்பதால் அது பட்டியலில் வந்தது, தகுதியான காரணமே. ஆனால் செஞ்சியின் அருகிலேயே திருநாதர்குன்று இருக்கிறது. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு. வட்டெழுத்து வரலாற்றில் தவிர்க்க முடியாத சான்று அது. சற்றுத் தொலைவில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் சொல்லிக்கொண்ட இடம். மேல்சித்தாமூரில் இன்றும் சமண மடம் இயங்குகிறது. கோட்டையைப் பார்க்க வருபவருக்கு இவற்றை யார் சொல்கிறார்கள்? கோட்டை உயர உயர, அதன் நிழல் விழும் பரப்பும் கூடுகிறது.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். சிவாஜியின் பெயர் இல்லாவிட்டால் ஜுன்னருக்கு யார் வருவார்கள், பணம் எங்கிருந்து வரும் என்பார்கள். 2018இல் மகாராட்டிர அரசு ஜுன்னரைச் சுற்றுலா வட்டமாக அறிவித்ததே அந்தப் பெயரின் வலிமையால்தானே என்றும் கேட்பார்கள். ஏற்கிறேன். வருபவர்கள் அவருக்காகவே வரட்டும். வந்தபின் என்ன காட்டுகிறோம் என்பதே என் கேள்வி. நாணேகாட்டுக்கு மழைக்காலத்தில் கீழிருந்து மேல்நோக்கி அடிக்கும் 'தலைகீழ் அருவி'யைப் படமெடுக்க ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். குடைவரைச் சுவரைத் திரும்பிப் பார்ப்பவர்களுக்கும், அது வெறும் கீறலன்று, எழுத்து என்று சொல்ல அங்கே ஒருவர் வேண்டும்.

மரபு என்றதும் பழங்கல்லையே தேடுவதும் இன்னொரு குறுக்கம். குகடிக் கரையில் போரி என்ற சிற்றூரில் எரிமலைச் சாம்பல் படிவும் பழைய கற்காலக் கருவிகளும் கிடைத்தன. சுமத்திராவின் தோபா எரிமலை ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது வந்து விழுந்த சாம்பலா, அதனினும் பன்மடங்கு பழையதா என்று புவியியலாரும் தொல்லியலாரும் நெடுங்காலம் மோதிக்கொண்டார்கள். கோடத் கிராமத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகள் கொண்ட வானொலித் தொலைநோக்கி இயங்குகிறது. அதை உருவாக்கிய கோவிந்த் சுவரூப், அதற்குமுன் நம் உதகையில் மலைச்சரிவையே அச்சாகக் கொண்டு 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை 1970இல் நிறுவியவர். மானிட வரலாற்றின் தொடக்கத்தையும் அண்டத்தின் தொடக்கத்தையும் தேடுவோர் ஒரே வட்டத்துக்குள் வேலை செய்கிறார்கள். இதுவும் ஜுன்னர்தான்.

எனினும் என் கவலை மேற்குப் பக்கத்தைப் பற்றியது. காட்கர் முதலான விளிம்புச் சிற்றூர்களில் மகாதேவ் கோலி மக்கள் வாழ்கிறார்கள். காட்டில் ஹிர்டா பொறுக்கி உலர்த்தி விற்பது அவர்களின் முதன்மை வருவாய்களுள் ஒன்று. நம் கடுக்காய்தான் அது. அரிதகி என்ற வடசொல்லே மராத்தியில் ஹிர்டா ஆனது. பிஞ்சாகப் பறித்தால் ஒரு பெயர், ஒரு விலை, முற்றினால் வேறு. குகடித் திட்டத்தின் ஐந்து அணைகளில் நான்கு இவ்வட்டத்தில் உள்ளன. அவற்றின் நீர் மேற்கே பள்ளத்தாக்குகளை மூழ்கடித்துக் கிழக்கே கரும்பை வளர்த்தது. கரும்புக்குள் சிறுத்தைகள் குடியேறின. பிடித்த சிறுத்தைகளை வேறு காடுகளில் விட்டபோது விடப்பட்ட இடங்களில் தாக்குதல்கள் பெருகின என்பதை வித்யா ஆத்ரேயா குழுவினர் ஜுன்னர்ச் சான்றுகளைக் கொண்டே காட்டினர். அதே மலையில் வாகோபா என்ற பெயரில் பெரும்பூனைக்குச் சிறு கற்கோயில்கள் உண்டு. விலங்கோடு ஒரே நிலத்தைப் பகிர்ந்த நெடும்பழக்கத்தின் அடையாளம் அது. வனத்துறை ஆவணத்தில் அது 'நம்பிக்கை'. மரபுப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை.

இங்கே மொழியியல் மாணவர்கள் செய்ய வேண்டிய வேலை மலைபோல் கிடக்கிறது. கணவாயின் ஒவ்வொரு திருப்பத்துக்கும், பாறைக்கும், சுனைக்கும் பெயர் இருக்கும். மழையின் வகைகளுக்கும், ஹிர்டாவின் பருவங்களுக்கும், படிக்கட்டு வயலின் உறுப்புகளுக்கும் சொற்கள் இருக்கும். குகட்நேர், மின்னேர் எனப் பள்ளத்தாக்குகள் ஆற்றின் பெயரோடு 'நேர்' சேர்த்து வழங்குகின்றன. அந்த ஈறு எந்தெந்த ஊர்ப்பெயர்களில் தொடர்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று ஒருவர் நடந்து பார்த்தால் முதுகலை ஆய்வேடு ஒன்று எழுதிவிடலாம். இம்மக்கள் பேசுவதைத் 'திருந்தாத மராத்தி' என்று நகரத்தார் தள்ளுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நம் ஊரில் மலைவாழ் மக்களின் பேச்சைக் 'கொச்சை' என்போரின் தொனியேதான். விடுதிகளும் சாலைகளும் விளிம்புவரை வந்துவிட்டால், கணவாயில் நடந்துபோனவர்களின் சொற்கள் வழிகாட்டிப் பலகைகளின் சொற்களுக்கு இடம்விட்டுவிடும். அதற்கு ஒரு தலைமுறை போதும்.

நாணேகாட், மான்மோடி, லேண்யாத்ரி, சிவநேரி ஆகிய நான்கிடங்களிலும் ஒவ்வொரு கல்வெட்டின் அருகிலும் பிராமி வடிவம், எழுத்துப்பெயர்ப்பு, மராத்தி மொழிபெயர்ப்பு மூன்றும் கொண்ட பலகை வைப்பது பெருஞ்செலவான செயலன்று. வாசித்துச் சொல்ல மேற்குச் சிற்றூர்களின் இளைஞர்களைப் பயிற்றுவித்தால் சுற்றுலாப் பணத்தில் ஒரு பங்காவது மலைமேல் தங்கும். புனேயின் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தமிழ் மாணவர்கள் பலர் இருக்கிறோம். விடுமுறையில் ஊருக்குப் போகும்முன் ஒரு வாரத்தை ஜுன்னருக்குக் கொடுக்கலாம். பிராமி படிக்கத் தெரிந்தவர்களும் மராத்தி பேசத் தெரிந்தவர்களும் சேர்ந்து போவது நல்லது. மழை ஓய்ந்த பின், அக்டோபர் கடைசியில், ஆறேழு பேராகச் செல்ல எண்ணியிருக்கிறோம். முதலில் காட்கர். அங்குள்ள முதியவர்களிடம் கணவாயின் பெயரைச் சொல்லச் சொல்லி, ணகரமா னகரமா என்று ஒலிப்பதிவு செய்வதிலிருந்து தொடங்கலாம். வர விரும்புவோர் உள்பெட்டியில் எழுதுங்கள்.